ஜெயிக்கிற மாதிரி ஒரு கவலை

இறுதிப் போட்டியில் தோற்ற அணிக்கு 'ரன்னர்-அப்' என்று ஒரு பெயராவது மிஞ்சும். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டாவது மேடை ஏறி ஒரு மெடலை வாங்கி வரலாம். முதல் சுற்றிலேயே வெளியேறிய அணிக்கு, 'எதிர்பார்த்ததுதானே' என்கிற ஆறுதல் உண்டு. இரண்டும் இல்லாமல் நடுவில் நிற்பது, அரையிறுதியில் தோற்ற அணி. பெண் பார்த்து, பூ வைத்து, பத்திரிகை அச்சடித்து, மண்டபத்துக்கு அட்வான்ஸும் கொடுத்த பிறகு நின்றுபோன கல்யாணம் மாதிரி.

அதனால்தான் அரையிறுதிக்கு முந்தின ராத்திரி ரசிகனுக்குத் தூக்கம் வருவதில்லை. ஆடப்போகிறவன் ஓட்டல் அறையில் நன்றாகத் தூங்குகிறான். அவனுக்குப் பயிற்சியாளர் இருக்கிறார், மசாஜ் செய்ய ஆள் இருக்கிறார், இத்தனை மணிக்கு விளக்கை அணைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நம்மாள்தான் பாயில் புரண்டு புரண்டு படுக்கிறான். பந்தை ஒருமுறை கூடத் தொடப்போகாதவன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கால்பந்து ரசிகர்களிடம், "நாளைக்கு என்ன ஆகும்?" என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் ஆறு பேர், "தோத்துடுவாங்க சார்" என்பார்கள். உள்ளுக்குள் ஜெயிக்க வேண்டும் என்று வேண்டுதல் எல்லாம் வைத்திருப்பார்கள். வாய் மட்டும் 'தோத்துடுவாங்க' என்கும்.

பி.காம் படித்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். கணக்குப் பதிவியலில் முதல் வருஷமே ஒரு கொள்கையைத் தலையில் ஏற்றுவார்கள். கன்சர்வேட்டிசம். வரப்போகிற லாபத்தை வரும்வரை எழுதாதே. வரக்கூடிய நஷ்டத்துக்கு இன்றைக்கே ஒதுக்கி வை. கடன் வாங்கியவர் கொடுப்பாரா, மாட்டாரா என்று சந்தேகம் வந்தால் உடனே ஒரு தொகையை எடுத்துத் தனியாக வைத்துவிட வேண்டும். பாடப் புத்தகத்தில் அதன் பெயர் 'வாரா ஐயக்கடன் ஒதுக்கு'. அரையிறுதிக்கு முன்னால் ரசிகன் செய்வது அச்சு அசல் இதுதான். நாளைய வலிக்கு இன்றைக்கே ஒரு தொகையை ஒதுக்கி வைக்கிறான்.

சென்னையின் எஃப்.சி. ரசிகர்களுக்கு இந்தக் கணக்கு அனுபவத்தில் வந்தது. இந்தியன் சூப்பர் லீக் தொடங்கிய முதல் வருஷம், 2014 டிசம்பர். அரையிறுதி இரண்டு ஆட்டங்களாக நடக்கும். ஒன்று எதிரியின் ஊரில், ஒன்று நம் ஊரில். இரண்டிலும் விழுந்த கோல்களைக் கூட்டி யார் அதிகமோ அவர்கள் இறுதிப் போட்டிக்கு. கொச்சியில் நடந்த முதல் ஆட்டத்தில் கேரளா பிளாஸ்டர்ஸிடம் 0-3 என்று தோல்வி. கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். டிசம்பர் 16-ம் தேதி சென்னை நேரு ஸ்டேடியத்தில் இரண்டாவது ஆட்டம். ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று கோலையும் சென்னை திருப்பிக் கொடுத்துவிட்டது. கணக்கு சமம். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. 117-வது நிமிடம், பெனால்டி ஷூட்-அவுட்டுக்கு இன்னும் மூன்றே நிமிடம் இருக்கும்போது, ஸ்டீபன் பியர்சன் ஒரு கோல் அடித்தார். மொத்தக் கணக்கில் கேரளா 4, சென்னை 3. முடிந்தது.

அடுத்த வருஷமும் அரையிறுதி. இந்த முறை எதிரணி அட்லெடிகோ டி கொல்கத்தா. முதல் ஆட்டத்தில் சென்னை 3-0 என்று ஜெயித்தது. இப்போது ரசிகன் நிம்மதியாகத் தூங்க வேண்டியதுதானே? தூங்கவில்லை. ஏனென்றால் மூன்று கோல் முன்னிலை ஒரே ராத்திரியில் கரையும் என்பதை அவன் டி.வி.யில் யார் சொல்லியும் தெரிந்துகொள்ளவில்லை. போன வருஷம் அவனுடைய அணியே அதைச் செய்துகாட்டியிருந்தது. இரண்டாவது ஆட்டத்தின் தேதி கூட அதே டிசம்பர் 16. போதாதா?

பதினேழாம் நூற்றாண்டில் ஹாலந்தில் லென்ஸ் தேய்த்துப் பிழைத்த ஸ்பினோசா என்கிற தத்துவஞானி ஒரு விஷயத்தைச் சரியாகக் கண்டுபிடித்தார். நம்பிக்கையும் பயமும் தனித்தனியாக வருவதில்லை. ஒன்று வந்தால் மற்றது கூடவே வரும். ஏனென்றால் இரண்டுமே முடிவு தெரியாத ஒன்றைப் பற்றியவை. முடிவு தெரிந்துவிட்டால் நம்பிக்கையும் இல்லை, பயமும் இல்லை. 0-3 என்று பின்தங்கியிருந்த ராத்திரியை விட 3-0 என்று முன்னால் இருந்த ராத்திரியில் கவலை அதிகமாக இருந்ததற்கு இதுதான் காரணம். இழப்பதற்கு இப்போது கையில் ஏதோ இருக்கிறது.

ஸ்பினோசா இந்த இரண்டையுமே பலவீனம் என்றார். அவருக்கு முன்னால் கிரேக்க, ரோமானிய ஞானிகளும் ஏறக்குறைய அதையே சொன்னார்கள். உன் கையில் இல்லாததைப் பற்றிக் கவலைப்படாதே. நம் ஊர்த் திண்ணைப் பெரியவர்களும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு மனுஷனுக்கு முக்கியமான விஷயங்களில் எத்தனை அவன் கையில் இருக்கிறது? பிள்ளையின் பரீட்சை, அம்மாவின் ஆபரேஷன், இந்த வருஷ மழை... எதுவும் இல்லை. கையில் இருப்பதைப் பற்றி மட்டும் கவலைப்படுவது என்றால் சட்டைக்குப் பட்டன் போடுவதைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டியிருக்கும்.

சரி, அந்த 2015 அரையிறுதிக்கு வருகிறேன். அதில் இன்னொரு விசித்திரம் உண்டு. சென்னை அணியின் சொந்த ஊர் ஆட்டம் சொந்த ஊரில் நடக்கவில்லை. டிசம்பர் 1-ம் தேதி சென்னையை வெள்ளம் மூழ்கடித்திருந்தது. அதனால் டிசம்பர் 12-ம் தேதி நடக்க வேண்டிய ஆட்டத்தைப் புனேவுக்கு மாற்றிவிட்டார்கள். வீடு மூழ்கிய ஊருக்கு, 'ஹோம் மேட்ச்' வேறு ஊரில்.

சென்னை வெள்ளத்தை உலகமே பார்த்தது. கடலூரில் வெள்ளம் அதற்கு முன்பே வந்துவிட்டது. நவம்பர் 9-ம் தேதி, தீபாவளிக்கு முந்தின நாள், நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. பண்ருட்டிப் பக்கம் விசூர், பெரியகாட்டுப்பாளையம் என்று அதுவரை யாரும் கேள்விப்பட்டிராத கிராமங்களின் பெயர்கள் எல்லாம் சாவுச் செய்தியோடு பேப்பரில் வந்தன. குறிஞ்சிப்பாடி தண்ணீரில் கிடந்தது. அந்தத் தண்ணீர் வடிவதற்குள் டிசம்பர் மழை. சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் வட்டாரத்தில் வயல் எது, ஏரி எது என்று தெரியாத நிலை.

கடலூர் மாவட்டத்துக்கு ஆண்டின் கடைசி மாதங்கள் என்றாலே வயிற்றில் ஒரு கலக்கம் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமி. தேவனாம்பட்டினத்திலும் பக்கத்துக் குப்பங்களிலும் பிணங்களை வரிசையாகப் போட்ட காலை. 2011 டிசம்பர் 30 'தானே' புயல். பண்ருட்டியின் பலா, முந்திரி மரங்கள் ஒரே காலையில் வேரோடு சாய்ந்தன. அப்புறம் 2015. அப்புறம் 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல், அதைத் தொடர்ந்து தென்பெண்ணையில் வெள்ளம். டிசம்பர் பிறந்தால் இங்கே காலண்டரை மாட்டுவதற்கு முன்னால் வானத்தைப் பார்ப்பார்கள்.

அந்த 2015 டிசம்பரில், இரண்டு ஆட்டங்களுக்கும் நடுவில் வந்த ஒரு நாள், வெள்ளச் செய்தி சேகரிக்கப் போன நான் சிதம்பரத்தில் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். மார்கழி பிறக்கும் நேரம். எதிரே ஒரு மினி லாரியில் அரிசி மூட்டை, பாய், போர்வை என்று ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஏற்றியவர்களில் ஒரு கல்லூரி மாணவன், நீல நிற ஜெர்சி, முட்டி வரைக்கும் சேறு. டீ குடிக்க வந்தவன் கூட வந்தவனிடம் கொல்கத்தா ஆட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். ஹியூமை யார் மார்க் பண்ணுவது, மெண்டோசா ஆரம்பத்திலேயே இறங்குவானா என்று ஒரே புலம்பல்.

டீ மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை.

"என்னா தம்பி, ஊரே தண்ணியில கெடக்கு. ஒனக்குப் பந்து ஆட்டம் கேக்குதா?"

"அதான் காலைலேர்ந்து மூட்டை தூக்குறோமேண்ணே."

"மூட்டை தூக்குற, செரி. வாயத் தொறந்தா பந்துதான வருது?"

பையன் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. கிளாஸைக் கழுவப் போட்டுவிட்டுச் சொன்னான். "மழையப் பத்திக் கவலப்பட்டா என்னாண்ணே கெடைக்கும்? அதிகபட்சம் மழை நிக்கும். போனது திரும்பியா வரப்போவுது? இதுல கவலப்பட்டா, ஜெயிச்சாலும் ஜெயிப்போம். ஜெயிக்கிற மாதிரி ஒரு கவலையாச்சும் வேணாமா மனுஷனுக்கு?"

டீ மாஸ்டர் அவனை ஒரு மாதிரி பார்த்தார். அடுப்பில் பாலைக் கிளறினார். அப்புறம் மெதுவாக, "என்னைக்கு ஆட்டம்?" என்றார்.

எந்தத் தத்துவப் புத்தகத்திலும் இந்தக் கேள்விக்கு இதைவிட நேரான பதிலை நான் பார்த்ததில்லை. ஆனாலும் டீ மாஸ்டரின் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. அவர் கேட்டது நியாயமான தர்மக் கேள்வி. பக்கத்து வீட்டில் சாவு விழுந்திருக்கும்போது ரேடியோவைச் சத்தமாக வைக்கலாமா? ஊர் துக்கத்தில் இருக்கும்போது பந்துக்காக மனசு அடித்துக்கொள்வது குற்றமா?

குற்றம் என்று சொல்பவர்களின் வாதம் இப்படிப் போகும். மனுஷ மனசில் இடம் கொஞ்சம்தான். அதில் பந்து உட்கார்ந்தால் பக்கத்து வீட்டுக்காரன் எழுந்து போக வேண்டியிருக்கும். கவலைப்படுவதற்கு ஒரு தராதரம் வேண்டும். பெரிய கவலை இருக்கும்போது சின்னக் கவலைக்கு என்ன வேலை?

இதில் ஒரு தப்பு இருக்கிறது. மனசு பேங்க் அக்கவுண்ட் மாதிரி இல்லை, ஒரு பக்கம் எடுத்தால் மறுபக்கம் குறைவதற்கு. சில சமயம் தலைகீழாகக்கூட நடக்கும். நாள் பூராவும் பிணத்தையும் சேற்றையும் பார்த்தவன் மறுநாள் காலை மறுபடி அதே வேலைக்கு எழுந்திருக்க வேண்டும் என்றால், ராத்திரி அவனுக்கு வேறு ஏதோ ஒன்று வேண்டும். முடிவு ஏற்கெனவே எழுதப்படாத ஏதோ ஒன்று. வெள்ளத்தில் யாரும் ஜெயிக்க முடியாது. எவ்வளவு குறைவாகத் தோற்றோம் என்பதுதான் கணக்கு. ஒன்பதாவது நாள் நிவாரண முகாமில் படுத்திருப்பவனுக்கு 'நாளைக்கு' என்கிற வார்த்தையே பயமான வார்த்தை. அந்த வார்த்தையை ஆசையோடு சொல்ல அவனுக்கு ஒரு சாக்கைக் கொடுத்தது அந்த அரையிறுதி.

அப்படியானால் எல்லை எங்கே? என் கணக்கில், எல்லை மனசில் இல்லை, கையில் இருக்கிறது. அந்தப் பையன் மூட்டையை இறக்கிவிட்டு ஆட்டம் பார்க்கப் போயிருந்தால் டீ மாஸ்டர் சொன்னது முழுக்கச் சரி. அவன் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு ஆட்டத்தைப் பற்றிப் பேசினான். ஒருவன் எதைப் பற்றிக் கவலைப்படுகிறான் என்று பார்த்து அவனை எடை போடக் கூடாது. அந்த நேரத்தில் அவன் கை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். துக்கமான முகத்தோடு நாள் பூராவும் சும்மா உட்கார்ந்து டி.வி.யில் வெள்ளத்தைப் பார்த்தவர்களும் அந்த மாதம் நிறையப் பேர் இருந்தார்கள்.

இன்னொரு கேள்வி பாக்கி இருக்கிறது. 'ஜெயிப்போம்' என்றானே அந்தப் பையன், அந்த 'ஓம்' எங்கிருந்து வந்தது?

அந்த அணியைக் கொஞ்சம் பாருங்கள். பயிற்சியாளர் மட்டராசி, இத்தாலி. மெண்டோசா, கொலம்பியா. பெலிசாரி, பிரேசில். ஃபிக்ரு, எத்தியோப்பியா. ஜெஜெ, மிசோரம். முதலாளிகளில் ஒருவர் அபிஷேக் பச்சன், இன்னொருவர் தோனி. ஆடியது புனேயில். இதில் சிதம்பரத்துப் பையனுக்கு எந்த மூலையில் பங்கு? ஷேர் சர்டிபிகேட் உண்டா, டிவிடெண்ட் உண்டா? ஒன்றும் கிடையாது. ஜெயித்தால் கோப்பை அவர்களுக்கு, தோற்றால் தூக்கம் போவது இவனுக்கு. எந்த ஆடிட்டரும் இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட விடமாட்டார்.

ஆனால் இதில்தான் அதன் அழகும் இருக்கிறது. திரும்பி வராது என்று தெரிந்தே கொடுப்பது. நம்பிக்கை என்பது கடன் இல்லை, நன்கொடை.

இதை மறந்துவிடும்போதுதான் விபரீதம். நான் உன்மேல் நம்பிக்கை வைத்தேன், நீ ஏமாற்றிவிட்டாய் என்று வசூலுக்குக் கிளம்புகிற ரசிகன் அசிங்கமான ஜென்மமாக மாறிவிடுகிறான். 1950 உலகக் கோப்பையில் சொந்த மண்ணில் உருகுவேயிடம் பிரேசில் தோற்றது. கோல்கீப்பர் மோசிர் பார்போசாவை அந்த தேசம் மன்னிக்கவே இல்லை. 2000-ம் ஆண்டு அவர் சாகும்வரை, ஐம்பது வருஷம், அந்த ஒரு கோலைச் சொல்லிக் காட்டிக்கொண்டே இருந்தார்கள். 1994-ல் தன் பக்கமே கோல் போட்டுவிட்ட கொலம்பியாவின் ஆந்த்ரே எஸ்கோபாரை ஊர் திரும்பிய சில நாட்களில் சுட்டே கொன்றார்கள். கந்துவட்டிக்காரன் கூட அசலுக்குத்தான் வட்டி கேட்பான். இவர்கள் கொடுக்காத கடனுக்கு உயிரைக் கேட்டார்கள்.

வசூல் பண்ணுவது ஒரு தப்பு என்றால், முன்கூட்டியே ஒதுக்கி வைப்பது இன்னொரு தப்பு. 'தோத்துடுவாங்க' என்று சொல்லி வைக்கிற அந்த வாரா ஐயக்கடன் ஒதுக்கைத்தான் சொல்கிறேன். கம்பெனிக் கணக்கில் அது நல்ல பழக்கம். மனுஷ உறவில்? பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு முந்தின நாள் ஒரு அப்பா, "இவன் பார்டர்ல பாஸ் பண்ணாலே பெருசு" என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்கிறார். தன் மனசு உடையாமல் இருக்க அவர் போட்டுக்கொள்கிற ஹெல்மெட் அது. ஆனால் உள் அறையில் பையனுக்குக் காது கேட்கிறதே. அப்பா தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னதற்கு விலையைக் கொடுப்பது பிள்ளை. அந்த ஒதுக்கீட்டால் வலியாவது குறைகிறதா என்றால், அதுவும் இல்லை. ரிசல்ட் மோசமாக வந்தால் அந்த அப்பாவும் எல்லோரையும் போலத்தான் உடைந்துபோகிறார். பிரீமியம் கட்டியதுதான் மிச்சம். கிளெய்ம் கிடைப்பதில்லை.

ஆக, நம்பிக்கை வைப்பதானால் குறைக்காமல் வை. வைத்த பிறகு திருப்பிக் கேட்காதே. இது வரைக்கும் சரி. ஆனால் யார் மேல் வைப்பது?

இந்தக் கேள்வியைக் கடலூரில் நின்று கேட்டால் கொஞ்சம் உறுத்தும். ஏனென்றால் கடலூருக்குச் சொந்தமாகவே கால்பந்து இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு, அந்த அலையில் அப்பா அம்மாவையும் வீட்டையும் பறிகொடுத்த குடும்பங்களின் பெண் பிள்ளைகள் கடலூரில் பந்து ஆட ஆரம்பித்தார்கள். இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்வி அகாடமி என்கிற பெயரில் அந்த ஊர் அணி 2018-ல் ஷில்லாங் வரைக்கும் போய் இந்தியப் பெண்கள் லீக்கின் கடைசிச் சுற்றில் ஆடியது. கடலூரில் பிறந்து வளர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கே ஆடினார். அவர் தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர். 2020-ல் கொரோனா ஊரடங்கில் சென்னைத் தெருவில் முகக்கவசத்தோடு டியூட்டி பார்த்தவர்.

2018 பிப்ரவரி. கட்டாக்கில் தேசிய சீனியர் பெண்கள் கால்பந்துப் போட்டி. பெண்கள் கால்பந்தில் மணிப்பூர் என்றால் மற்ற மாநிலங்களுக்கு நடுக்கம். வருஷா வருஷம் கோப்பையை அவர்களே வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த மணிப்பூரை இறுதிப் போட்டியில் 2-1 என்று வீழ்த்தித் தமிழ்நாடு முதல் முறையாகக் கோப்பையைத் தூக்கியது. 2023-ல் அமிர்தசரஸில் ஹரியானாவை அதே 2-1 என்று ஜெயித்து மறுபடி தூக்கியது. ஆண்கள் ஆடும் சந்தோஷ் டிராபி 1941-ல் தொடங்கியது. தமிழ்நாடு 2012-ல் இறுதிப் போட்டி வரை போய், சர்வீசஸ் அணியிடம் 2-3 என்று தோற்றது. ஆண்களுக்கு எட்டாமல் கை நழுவியதைப் பெண்கள் இரண்டு முறை வாங்கி வந்தார்கள்.

நான் கேட்பது இதுதான். அந்த 2018 அரையிறுதிக்கு முந்தின ராத்திரி தமிழ்நாட்டில் எத்தனை பேர் பாயில் புரண்டு படுத்தார்கள்? டீக்கடையில் எத்தனை பேர், "நாளைக்கு யாரை எங்கே நிறுத்துவாங்க?" என்று புலம்பினார்கள்? அந்தப் பிள்ளைகளின் அப்பா, அம்மா, அண்ணன், பயிற்சியாளர். அதைத் தாண்டி விரல் விட்டு எண்ணிவிடலாம். கவலைப்பட ஆள் இல்லாமலே ஜெயித்துவிட்டு வந்தார்கள்.

'அதனால் என்ன? கவலைப்பட்டாலும் படாவிட்டாலும் பந்து போகிற பக்கம்தானே போகும்? கவலைப்படாமலேதான் ஜெயித்துவிட்டார்களே?' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. இன்றைய ஆட்டத்தைப் பொறுத்தவரை முழுக்கச் சரி. சிதம்பரத்துப் பையன் தூங்காததால் கொல்கத்தாவில் பந்து ஒரு அங்குலம் கூட நகரவில்லை.

ஆனால் அடுத்த வருஷ ஆட்டத்தைப் பொறுத்தவரை அது சரியில்லை. எங்கே நாலு பேர் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறார்களோ, அங்கேதான் கேமரா போகும். கேமரா போகிற இடத்துக்கு ஸ்பான்சர் போவான். ஸ்பான்சர் போனால் புல்தரை வரும், ஷூ வரும், ரயிலில் ரிசர்வேஷன் டிக்கெட் வரும், காயம் பட்டால் நல்ல டாக்டர் வருவார். ரசிகனின் கவலை ஆட்டத்தை மாற்றாது. ஆனால் ஆடுகிறவரின் வாழ்க்கையை மாற்றும். வணிகவியல் பாஷையில் சொன்னால், அதுதான் இந்தத் தொழிலின் மூலதனம். நாம் அதை ஏற்கெனவே ஓடுகிற கம்பெனியிலேயே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கிறோம். பக்கத்துத் தெருவில் நல்ல கடை ஒன்று முதல் இல்லாமல் கதவைப் பாதி சாத்தி வைத்திருக்கிறது.

ஜெஜெவுக்காகக் கவலைப்படாதே என்று நான் சொல்லவில்லை. மிசோரத்துக்காரனுக்காகச் சிதம்பரத்துக்காரன் தூக்கம் கெடுகிறான் என்றால் இந்த தேசம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். வெளிச்சத்தில் இருப்பவனுக்குக் கொடுத்ததில் கொஞ்சம் மிச்சம் பிடித்து, வெளிச்சம் படாதவர்களுக்கும் கொடு என்கிறேன். மனசு பேங்க் அக்கவுண்ட் இல்லை என்று மேலே சொன்னேன் இல்லையா, எடுக்க எடுக்கக் குறையாது.

சிதம்பரம் வட்டாரத்தில் நம்பிக்கையைப் பற்றிப் பேசினால் ஒருவரை நினைக்காமல் முடிக்க முடியாது. கொள்ளிடக் கரைப் பக்கம் ஆதனூரில் இருந்த நந்தனார். தில்லைக்குப் போக வேண்டும் என்று ஆசை. பிறந்த சாதியைக் காட்டி உள்ளே விடமாட்டார்கள் என்றும் தெரியும். "நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன்" என்று சொல்லிச் சொல்லியே 'திருநாளைப்போவார்' என்று பெயர் வாங்கினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் பாட்டாகப் பாடினார். மனுஷனின் பெயரிலேயே 'நாளை' ஒட்டிக்கொண்டது உலகத்தில் வேறு எங்காவது உண்டா தெரியாது.

ஆனால் அந்தக் கதையில் நாம் அதிகம் பேசாத ஒரு விவரம் இருக்கிறது. நாளைக்கு நாளைக்கு என்று சொல்லிக்கொண்டு அவர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. கோயில் பேரிகைகளுக்குப் போர்த்தத் தோலும், வீணைக்கும் யாழுக்கும் கட்ட நரம்பும் கொடுத்துக்கொண்டே இருந்தார். தான் உள்ளே போக முடியாத கோயிலில் அவர் கொடுத்த தோல் முழங்கிக்கொண்டிருந்தது.

கதவை அடைத்து வைத்தவர்களின் அநியாயத்தை இதைச் சொல்லி யாரும் நியாயப்படுத்த முடியாது. அவ்வளவு பொறுமையை ஒரு மனுஷனிடம் எதிர்பார்த்ததே பெரிய பாவம். நான் எடுத்துக்கொள்வது ஒன்றைத்தான். அவருடைய 'நாளை', கை வேலையோடு சேர்ந்த நாளை. மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு அரையிறுதியைப் பற்றிப் பேசிய பையனுடைய 'நாளை'யும் அதே ஜாதிதான். நல்ல ஜாதி.

சொல்ல மறந்துவிட்டேனே, அந்த ஆட்டம் என்ன ஆயிற்று என்று. டிசம்பர் 16-ம் தேதி கொல்கத்தாவில் சென்னை 1-2 என்று தோற்றது. ஆனால் மொத்தக் கணக்கில் 4-2. இறுதிப் போட்டிக்குப் போனார்கள். டிசம்பர் 20-ம் தேதி கோவாவில், ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் 1-2 என்று பின்தங்கியிருந்து, கடைசி சில நிமிடங்களில் இரண்டு கோல் விழுந்து, 3-2 என்று ஜெயித்தார்கள். கோப்பை வந்தது. வெள்ளத்தில் போன எதுவும் திரும்பி வரவில்லை. பையன் அதை முன்னாலேயே சொல்லியிருந்தான்.

உங்கள் மாவட்டத்து மைதானத்தில் இந்த வாரமும் ஏதாவது ஒரு அரையிறுதி நடக்கும். பள்ளிக்கூட அணியாக இருக்கலாம், வெறுங்காலோடு ஆடுகிற பெண் பிள்ளைகளாக இருக்கலாம். ஆட்டம் எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொண்டு போய் ஓரத்தில் நில்லுங்கள். யாராவது ஒருத்தியின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். ஜெயிப்பாளா என்று கொஞ்சம் கவலைப்படுங்கள். தோற்றுவிட்டால் திட்டாமல் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.